இருக்கைப் பட்டைத் தொடக்கப் பூட்டு

இருக்கைப் பட்டைத் தொடக்கப் பூட்டு என்பது, முன் இருக்கையில் அமர்ந்திருப்பவர் இருக்கைப் பட்டையை அணியும் வரை மகிழுந்தின் இயந்திரம் தொடங்காதவாறு தடுக்கும் மின்னமைப்பு ஆகும். ஆங்கில வழக்கில் இது சீட் பெல்ட் இன்டர்லாக் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 1974 ஆம் ஆண்டு மாதிரி மகிழுந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இப்பூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மது அருந்திய ஓட்டுநரின் மூச்சைச் சோதித்து வண்டியைத் தொடங்கவிடாமல் தடுக்கும் கருவியும் இன்டர்லாக் என்றே அழைக்கப்படுகிறது. அது இதனின்றும் வேறானது.

இப்பூட்டு சட்டப்படி நடைமுறையில் இருந்த காலம் ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே. அது பலரை இருக்கைப் பட்டை அணிய வைத்தது. அதைவிடப் பலரைச் சினமூட்டியது. அச்சினம் 1974 அக்டோபரில் நாடாளுமன்றச் சட்டமாக உருக்கொண்டது. பட்டை அணியாதவரை எட்டு நொடிகளுக்கு மேல் ஒலியெழுப்பி எச்சரிக்குமாறு எந்த மகிழுந்து நிறுவனத்தையும் அரசு கட்டாயப்படுத்த இயலாத நிலை அதன்பின் 38 ஆண்டுகள் நீடித்தது. காற்றுப்பை கட்டாயமாவது 1990கள் வரை தள்ளிப்போனதிலும் இப்பூட்டின் மீதான வெறுப்புக்குப் பங்கு உண்டு. மகிழுந்து வடிவமைப்பில் நேர்ந்த ஓர் அன்றாடத் தொல்லை பொதுக்கொள்கையையே திசைதிருப்பியமைக்கு எடுத்துக்காட்டாகப் பொறியியல், சட்டம் ஆகிய இரு துறைகளிலும் இது பேசப்படுகிறது.

பின்னணி

இடுப்பையும் மார்பையும் ஒருசேரத் தாங்கும் மும்முனைப் பட்டையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தார். 1959 இல் அந்நிறுவனம் அதனைத் தன் மகிழுந்துகளில் பொருத்தத் தொடங்கியது. அதன் காப்புரிமையை ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்தது.

ஐக்கிய அமெரிக்காவில் மகிழுந்துப் பாதுகாப்பு அரசியல் பொருளாக மாறியது 1965 ஆம் ஆண்டு ரால்ஃப் நாடர் எழுதிய நூலுக்குப் பின்னரே ஆகும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் வகுக்கப்பட்ட 208 ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி 1968 சனவரி 1 முதல் புதிய மகிழுந்துகளில் இருக்கைப் பட்டைகளைக் கட்டாயமாக்கியது. கட்டாயமாக்கப்பட்டது பட்டையைப் பொருத்துவது மட்டுமே, அணிவது அன்று. அணியாதவரைத் தண்டிக்கும் சட்டம் அந்நாட்டின் எந்த மாநிலத்திலும் அக்காலத்தில் இல்லை. இதற்கு மாறாக, ஆசுத்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 டிசம்பரிலேயே பட்டை அணிவதைக் கட்டாயமாக்கிவிட்டது.

அன்றைய அமெரிக்கப் பட்டைகள் பயன்படுத்த எளியனவாகவும் இல்லை. பல வண்டிகளில் இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் தனித்தனியானவை, கொக்கிகளும் இரண்டு. தோள் பட்டை கதவுக்கு மேலே கூரையோரத்தில் செருகி வைக்கப்பட்டிருக்கும். அதனை எடுத்து, நீளத்தைச் சரிசெய்து, வேறொரு கொக்கியில் மாட்ட வேண்டும். உடல் அசைவுக்கேற்ப நீண்டு சுருங்கும் சுருள் அமைப்பு அதில் இல்லாமையால், இறுக அணிந்தவர் முன்பலகையில் இருந்த வானொலிக் குமிழை எட்டவே இடர்ப்பட்டார். எனவே தோள் பட்டைகள் பெரும்பாலான வண்டிகளில் கூரையோரத்திலேயே தங்கிவிட்டன. 1972 இல் அந்நாட்டுச் சாலைகளில் 54,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பட்டைகள் இருந்தும் அவை அணியப்படுவதில்லை என்பதே தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தை வாட்டிய கேள்வியாக இருந்தது.

ஒலிப்பானும் முடிச்சும்

நிர்வாகம் முதலில் கையாண்ட வழி நினைவூட்டல். 1972 சனவரி 1 முதல் தயாரிக்கப்பட்ட மகிழுந்துகளில், முன் இருக்கையில் இருப்பவர் பட்டை அணியாத நிலையில் கியர் இடப்பட்டால் விளக்கு ஒன்று எரிய வேண்டும். பஸ்ஸர் எனப்படும் ஒலிப்பானும் குறைந்தது ஒரு நிமிடம் ஒலிக்க வேண்டும்.

இந்த ஒலிப்பானை ஏமாற்றுவது எளிது. பட்டை அதன் சுருளிலிருந்து சிறிதளவு வெளியே இழுக்கப்பட்டிருந்தாலே அணியப்பட்டதாகப் பல வண்டிகளின் கருவி எண்ணிக்கொண்டது. பட்டையை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அது மீண்டும் உள்ளே செல்லாது; ஒலியும் எழாது. கொக்கி வைத்த வண்டிகளில் பட்டையை முதுகுக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து அமர்ந்தனர். ஒலிப்பான் பொருத்திய வண்டிகளையும் பொருத்தாத வண்டிகளையும் சாலையோரத்தில் நின்று ஒப்பிட்ட ஆய்வில் பட்டை அணிவோரின் பங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முடிச்சிட்ட பட்டை மற்றொரு வகையிலும் கேடானது. பின்னர் ஒருநாள் அவ்வண்டியில் ஏறிப் பட்டையை அணிய விரும்பியவருக்கும் அது உதவாது.

காற்றுப்பைக்கு மாற்றாக வந்தது

இதே காலத்தில், பயணி எதையும் செய்யாமலேயே அவரைக் காக்கும் தற்செயல் காப்பு முறைகளை நிர்வாகம் நாடத் தொடங்கியது. அவற்றுள் முதன்மையானது காற்றுப்பை. மகிழுந்து நிறுவனங்கள் அதன் செலவையும் அக்காலத்தில் அதன் நம்பகத்தன்மை குறித்து நிலவிய ஐயத்தையும் காட்டி எதிர்த்தன. 1971 ஏப்ரல் 27 அன்று ஃபோர்டு நிறுவனத் தலைவர்களான இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ ஐயக்கோக்காவும் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சனை வெள்ளை மாளிகையில் சந்தித்து, பாதுகாப்பு விதிகள் தொழிலை நசுக்குவதாக முறையிட்டனர். அவ்வுரையாடல் நிக்சனின் ஒலிப்பதிவு நாடாக்களில் பதிவாகியுள்ளது. காற்றுப்பைக்குப் பதிலாகத் தொடக்கப் பூட்டைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை முன்வைத்ததும் ஃபோர்டு நிறுவனமே.

1972 இல் திருத்தப்பட்ட தரவிதி இருவகை வாய்ப்பை அளித்தது. 1973 ஆகத்து முதல் 1975 ஆகத்து வரை தயாராகும் மகிழுந்துகள் தற்செயல் காப்பு முறையைக் கொண்டிருக்கலாம். அல்லது தொடக்கப் பூட்டுடன் இணைந்த இடுப்பு, தோள் பட்டைகளைக் கொண்டிருக்கலாம். அதன்பின் எல்லா வண்டிகளிலும் தற்செயல் காப்பு கட்டாயம் என்பது திட்டம். விலை குறைந்த பூட்டையே நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் 1974 முதல் 1976 வரையான மாதிரிகளில் ஏறத்தாழ 10,000 வண்டிகளைக் காற்றுப்பையுடன் விற்றது.

ஆகவே, பூட்டு தொடக்கத்திலிருந்தே ஓர் இடைக்கால ஏற்பாடாகவும், பெரிய கட்டாயம் ஒன்றைத் தள்ளிப்போடும் வழியாகவும் இருந்தது. பொதுமக்களுக்கு இந்தப் பின்னணி தெரியாது. புது வண்டி வாங்கியவர் சாவியைத் திருப்பினார், வண்டி அசையவில்லை. அவர் அரசையே நொந்துகொண்டார்.

இயங்கிய முறை

பூட்டின் அமைப்பு எளியது. முன் இருக்கைகளின் மெத்தைக்குள் எடையை உணரும் தொடுப்பான் ஒன்று வைக்கப்பட்டது. கொக்கியிலோ பட்டைச் சுருளிலோ மற்றொரு தொடுப்பான் இருந்தது. இரண்டிலிருந்தும் வரும் குறிப்புகளை ஒரு சிறு மின்னணுப் பெட்டி ஒப்பிட்டது. இருக்கையில் எடை இருந்து பட்டை அணியப்படாவிடில், சாவியைத் திருப்பினாலும் தொடக்கி மோட்டாருக்கு மின்சாரம் செல்லாதவாறு ரிலே ஒன்று தடுத்தது.

ஒலிப்பானை ஏமாற்றியவர்களிடமிருந்து வடிவமைப்பாளர்கள் ஒரு பாடம் கற்றிருந்தனர். எனவே பூட்டு வரிசையையும் கவனித்தது. முதலில் ஆள் அமர வேண்டும்; அதன் பின்னரே பட்டை மாட்டப்பட வேண்டும். ஏற்கெனவே மாட்டிய பட்டையின் மேல் வந்து அமர்ந்தால் அது கணக்கில் சேராது. இந்த வரிசைக் கட்டுப்பாடு ஏமாற்றுவோரைத் தடுத்தது உண்மையே. ஆனால் சாவியைத் திருப்பும் முன் இருக்கையில் சற்று எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்ட நேர்மையான ஓட்டுநரையும் அது ஏமாற்றுக்காரராகக் கருத நேர்ந்தது. அவர் பட்டையைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும்.

சில விலக்குகள் இருந்தன. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுபோனால் குறுகிய நேரத்துக்குள் பட்டை நிலையைப் பாராமல் மீண்டும் தொடங்கலாம். இருப்புப்பாதைக் கடவையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சத்துக்கு இது விடை. இருக்கையில் அமராமல் வெளியே நின்றபடி கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாலும் இயந்திரம் தொடங்கும். பழுதுபார்ப்போருக்கு இது வசதி. பூட்டே பழுதானால், முன்மூடியைத் திறந்து இயந்திர அறையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அது ஒருமுறை மட்டும் வண்டியைத் தொடங்க விடும். அடுத்த முறை மறுபடியும் இறங்கி, முன்மூடியைத் திறந்து, அழுத்த வேண்டும்.

1974 மாதிரிகளில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் ஒரே கொக்கியில் மாட்டும் மும்முனைப் பட்டையாக இணைக்கப்பட்டன. உடல் அசைவுக்கு இடங்கொடுத்து, திடீர் நிறுத்தத்தின்போது மட்டும் இறுகும் சுருள் அமைப்பும் பரவலானது. அதாவது, பட்டை அணிவது முன்னெப்போதையும்விட எளிதான அதே ஆண்டில்தான் பட்டை மிகுந்த வெறுப்புக்கு ஆளானது.

அன்றாடத் தொல்லைகள்

பூட்டின் முதன்மைக் குறை, எடையை உணர்ந்ததே தவிர ஆளை உணரவில்லை என்பதாகும். பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால் பைக்கும் பட்டை அணிவிக்க வேண்டும். நாயை ஏற்றிச் செல்வோர் நாய்க்கு அணிவித்தனர். கனமான கைப்பையும் புத்தகக் கட்டும் கூட இயந்திரத்தை நிறுத்திவைக்கப் போதுமானவை. கடையிலிருந்து பொருள்களுடன் வந்தவர் அவற்றைப் பின் இருக்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இல்லையேல், ஆளில்லாத இருக்கையின் பட்டையை அவற்றின்மேல் மாட்ட வேண்டியிருந்தது.

வண்டிக் கொட்டிலிலிருந்து சில அடி பின்னால் எடுப்பதற்கும் பட்டை வேண்டும். வாகன நிறுத்தங்களில் நாள்தோறும் பல வண்டிகளை நகர்த்தும் பணியாளர்க்கும் அவ்வாறே. தொடுப்பானோ கம்பியிணைப்போ பழுதானால், பட்டையை முறையாக அணிந்தவரின் வண்டியும் தொடங்காது. பட்டை அணிய மறுப்போர் மீது தொடுக்கப்பட்ட கருவி, எப்போதும் அணிந்து வந்தவர்களையும் எதிரிகளாக்கியது இவ்வாறே ஆகும். இதனைச் சிறு குறையாகக் கருத இயலாது. தீயில்லாதபோதும் அடிக்கும் தீயெச்சரிக்கை மணியை மக்கள் கழற்றி வைத்துவிடுவது போல, தவறான வேளையில் தலையிடும் கருவி அதன் சரியான தலையீட்டுக்கும் மதிப்பை இழக்கிறது.

கழற்றி வைப்பதும் நடந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியிணைப்பைப் பிரித்து இரு முனைகளை ஒட்டிவிட்டால் பூட்டு செயலிழந்தது. அதற்கு மிகுந்த தொழிலறிவு தேவைப்படவில்லை.

பயன்பாட்டில் கண்ட விளைவு

பூட்டு பயனற்றது என்று கூற இயலாது. அக்காலத்தில் நடத்தப்பட்ட சாலையோரக் கணக்கெடுப்புகளின்படி, 1974 மாதிரி மகிழுந்துகளின் ஓட்டுநர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பட்டை அணிந்திருந்தனர். ஒலிப்பான் மட்டும் கொண்ட 1973 மாதிரிகளில் இது அதில் பாதியளவே. வேறு எந்த வழியாலும் அந்நாட்டில் அதுவரை எட்டப்படாத அளவு இது. மறுபுறம், பட்டை அணியாமல் வண்டி தொடங்கவே கூடாது என்ற நிலையில், ஐந்தில் இருவர் அணியாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தனர் என்பதும் அதே கணக்கெடுப்பிலிருந்து பெறப்படுவதே.

எத்தனை உயிர்கள் இதனால் காக்கப்பட்டன என்பதைத் தனியே பிரித்துக் கூறுவது கடினம். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையை அடுத்து எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1974 சனவரியில் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர், என்னும் வேக வரம்பு நாடு முழுதும் விதிக்கப்பட்டது. சாலை இறப்புகள் 1973 இல் 54,000 என்ற அளவிலிருந்து 1974 இல் 45,000 அளவுக்குக் குறைந்தன. இக்குறைவின் பெரும்பகுதி வேகமும் பயணத் தொலைவும் குறைந்ததால் நேர்ந்தது எனக் கொள்வதே பொருத்தம். அவ்வாண்டில் சாலையில் ஓடிய வண்டிகளுள் பூட்டுள்ள புது வண்டிகள் சிறு பங்கே.

1974 ஆம் ஆண்டுச் சட்டம்

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. கீழவையில் நியூ ஹாம்சயர் மாநில உறுப்பினர் லூயிஸ் வைமனும் மேலவையில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பக்லியும் பூட்டை நீக்கும் முயற்சிக்கு முன்னின்றனர். தன் உயிரைப் பற்றிய முடிவைக் குடிமகனே எடுக்க வேண்டும், அவனது வண்டி எடுக்கலாகாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இரு அவைகளிலும் இதற்குப் பெரும்பான்மை எளிதில் கிட்டியது.

1974 அக்டோபர் 27 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு மோட்டார் வாகன, பள்ளிப் பேருந்துப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். (இவருக்கும் ஃபோர்டு மகிழுந்து நிறுவனத்துக்கும் உறவில்லை.) பட்டை அணியாவிடில் வண்டி தொடங்காதவாறு செய்யும் பூட்டை எந்தத் தரவிதியும் கட்டாயமாக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறியது. அத்துடன் அது நிற்கவில்லை. சாவியைத் திருப்பியதிலிருந்து எட்டு நொடிகளுக்கு மேல் ஒலிக்கும் எச்சரிக்கையையும் தரவிதி கோரக் கூடாது எனத் தடுத்தது. தற்செயல் காப்பு குறித்த வருங்கால விதிகளைத் தள்ளுபடி செய்யும் உரிமையையும் நாடாளுமன்றம் தனக்கே ஒதுக்கிக்கொண்டது. இதே சட்டத்தின் மற்றொரு பகுதி, குறைபாடுடைய வண்டிகளை நிறுவனங்கள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என வகுத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. பூட்டுக்கு எதிரான சினம் அளவுக்கு அப்பகுதி அன்று பேசப்படவில்லை.

எட்டு நொடி என்னும் வரம்பின் பொருள் எளிதில் விளங்கும். சாவியைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, கியரை மாற்றுவதற்குள் அந்நேரம் கழிந்துவிடும். வண்டி சாலைக்கு வந்து வேகமெடுக்கும்போது, எச்சரிக்கை தேவைப்படும் வேளையில், அது ஓய்ந்திருக்கும். தொடர்ந்து வந்த ஆண்டுகளின் அமெரிக்க மகிழுந்துகள் நான்கு முதல் எட்டு நொடி வரை ஒலித்து அடங்கின. பட்டை அணிவோரின் பங்கும் சரிந்தது. 1980களின் தொடக்கத்தில் அது 14 விழுக்காடு அளவிலேயே நின்றது.

காற்றுப்பை மீது விழுந்த நிழல்

பூட்டு மறைந்தபின் அதன் நினைவு கொள்கையாளர்களை விட்டு அகலவில்லை. 1976 இல் போக்குவரத்துச் செயலர் வில்லியம் கோல்மன், காற்றுப்பை போன்றவற்றின் தொழில்நுட்பம் இயலக்கூடியதே என ஒப்புக்கொண்டும், பொதுமக்களின் பரவலான எதிர்ப்பை எதிர்பார்த்துக் கட்டாயத்தை நிறுத்தி வைத்தார். அடுத்த ஆண்டு பதவியேற்ற புரோக் ஆடம்ஸ் அதனை மீண்டும் விதித்து, 1982 மாதிரிகளிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டார். ரானல்டு ரேகனின் ஆட்சி வந்ததும் 1981 அக்டோபரில் அது கைவிடப்பட்டது. நிறுவனங்கள் காற்றுப்பைக்குப் பதிலாக எளிதில் கழற்றக்கூடிய தானியங்கிப் பட்டைகளையே பொருத்த எண்ணியுள்ளன, ஆகவே பயன் குறைவு என்பது கூறப்பட்ட காரணம். கழற்ற இயலாத பட்டைகளை விதித்தால் மக்கள் பாதுகாப்பையே வெறுப்பர் என்ற அச்சமும் உடன் சேர்ந்தது.

காப்பீட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1983 சூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், காற்றுப்பையை மட்டும் கட்டாயமாக்கும் வழியை நிர்வாகம் எண்ணிப் பார்க்காமலேயே விதியைக் கைவிட்டது தன்னிச்சையான செயல் எனத் தீர்ப்பளித்தது. ஸ்டேட் ஃபார்ம் வழக்கு எனப்படும் இத்தீர்ப்பு, அரசு முகமைகள் தம் முடிவுகளுக்குக் காரணம் காட்டும் கடமை பற்றி அந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது. அதன் வரலாற்றுப் பகுதியில் தொடக்கப் பூட்டின் கதையும் இடம்பெற்றுள்ளது.

1984 சூலையில் செயலர் எலிசபெத் டோல் ஓர் ஒத்திசைவு கண்டார். 1987 மாதிரிகளில் 10 விழுக்காட்டில் தொடங்கி 1990 மாதிரிகளில் முழுமையாகத் தற்செயல் காப்பு இருக்க வேண்டும். ஆனால் மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கை உள்ளடக்கும் மாநிலங்கள் தகுந்த பட்டைச் சட்டங்களை இயற்றினால் இது விலக்கப்படும். அவ்வாண்டே நியூயார்க் மாநிலம் நாட்டின் முதல் பட்டைச் சட்டத்தை நிறைவேற்றியது; பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வைமனின் நியூ ஹாம்சயர் மட்டும் வயது வந்தோர் பட்டை அணிவதைக் கட்டாயமாக்காமலேயே இருந்து வருகிறது.

தானியங்கிப் பட்டை என்னும் புதிய தொல்லை

டோலின் விதியை நிறைவு செய்யப் பல நிறுவனங்கள் மலிவான வழியாகத் தானியங்கிப் பட்டைகளைப் பொருத்தின. சில வண்டிகளில் கதவு மூடியதும் கூரையோரத் தடத்தில் சிறு மோட்டார் ஓடித் தோள் பட்டையை ஓட்டுநரின் மேல் இழுத்து வந்து நிறுத்தும். வேறு சிலவற்றில் பட்டை கதவிலேயே பிணைக்கப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் பட்டை வெளியே விலகும். கையில் பொருள்களுடன் உள்ளே நுழைபவரின் கழுத்திலும் தொப்பியிலும் இவை சிக்கின.

கேடு அதனினும் ஆழமானது. தோள் பட்டை தானே வந்து விழுந்ததால், கையால் மாட்ட வேண்டிய இடுப்புப் பட்டையைப் பலர் மறந்தனர். இடுப்புப் பட்டையின்றி வெறும் தோள் பட்டையுடன் மோதலுக்கு ஆளாகும் உடல் அடியில் நழுவிச் செல்லக்கூடும். கழுத்தும் வயிறும் காயப்படும். 1991 இல் நிறைவேறிய தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், 1998 மாதிரிகள் முதல் எல்லா மகிழுந்துகளிலும் முன் இருக்கைகளுக்குக் காற்றுப்பையைக் கட்டாயமாக்கியது. அதன்பின் தானியங்கிப் பட்டைகள் மறைந்தன. தொடக்கத் திட்டப்படி 1975 இல் வந்திருக்க வேண்டிய கட்டாயம் இவ்வாறு இருபதாண்டுகளுக்கு மேல் தாமதித்து நிறைவேறியது.

எட்டு நொடிகளுக்குப் பின்

சட்டம் தடுத்தது அரசு கட்டாயப்படுத்துவதை மட்டுமே. நிறுவனம் தானே விரும்பி நீண்ட எச்சரிக்கை வைப்பதற்குத் தடையில்லை. பூட்டை முதலில் முன்மொழிந்த அதே ஃபோர்டு நிறுவனம், 2000 ஆம் ஆண்டு மாதிரிகளில் இவ்வழியைப் பயன்படுத்தியது. சட்டம் கோரிய குறுகிய ஒலி அடங்கிய பின்னும் ஓட்டுநர் பட்டை அணியாவிடில், ஆறு நொடி மணியொலி, பின் முப்பது நொடி அமைதி என ஐந்து நிமிடம் வரை அது மாறி மாறி நினைவூட்டியது. வண்டியைத் தடுக்கவில்லை. சாலையோரக் கணக்கெடுப்பில், இந்நிறுவனத்தின் வண்டிகளில் பட்டை அணிவோர் 71 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். பூட்டு தந்த உயர்வோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் இதனைக் கழற்றி எறியுமாறு நாடாளுமன்றத்துக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. பட்டை அணியாதோரில் பெரும்பாலோர் கொள்கைப் பிடிவாதம் உள்ளவர் அல்லர், மறப்பவரும் குறுந்தொலைவுக்குத் தேவையில்லை என எண்ணுபவரும் ஆவர் என்னும் கணிப்பின் மீது இந்த வடிவமைப்பு அமைந்தது.

ஐரோப்பாவில் யூரோ என்கேப் அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து நினைவூட்டிகளுக்கு மதிப்பெண் வழங்கியதால், சட்டக் கட்டாயம் வருமுன்னரே அவை அங்குப் பரவின. அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகங்களின் குழுவொன்று 2003 இல் எட்டு நொடி வரம்பை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2012 சூலையில் இயற்றப்பட்ட போக்குவரத்துச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. தொடக்கப் பூட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது மட்டும் நீடித்தது. முன் இருக்கைகளுக்கு நீண்ட எச்சரிக்கையையும் பின் இருக்கைகளுக்கு நினைவூட்டியையும் கோரும் விதியை நிர்வாகம் 2025 சனவரியில் வெளியிட்டது.

பூட்டின் ஒரு மென்மையான வடிவம் 2019 இல் மீண்டும் தோன்றியது. இளம் ஓட்டுநர்களுக்கான அமைப்பின் பகுதியாகச் சில செவர்லே மகிழுந்துகளில் ஜெனரல் மோட்டார்ஸ் இதனை அறிமுகப்படுத்தியது. இயந்திரம் தொடங்கும், ஆனால் ஓட்டுநர் பட்டை அணியும் வரை, அதிகபட்சம் இருபது நொடிகளுக்கு, கியரை நிறுத்த நிலையிலிருந்து மாற்ற இயலாது. அதன்பின் வண்டி வழிவிடும். பெற்றோர் விரும்பினால் மட்டுமே இது செயல்படும்.

அமெரிக்காவில் முன் இருக்கைகளில் பட்டை அணிவோரின் பங்கு 2020களில் 91 விழுக்காட்டைத் தாண்டியது. நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி 2017 ஆம் ஆண்டில் மட்டும் பட்டைகள் 14,955 உயிர்களைக் காத்தன. மகிழுந்தின் முன் இருக்கையில் பட்டை அணிவது உயிரிழக்கும் வாய்ப்பை 45 விழுக்காடு குறைக்கிறது எனவும் அது கணித்துள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் தொடக்கப் பூட்டு விதிக்கப்பட்டதில்லை. 2019 சூலை 1 முதல் தயாராகும் மகிழுந்துகளில் ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் பட்டை நினைவூட்டி கட்டாயமானது. அதே நாளில் ஓட்டுநர் காற்றுப்பை, பின்புறத் தடை உணரி, மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்தால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை ஆகியனவும் கட்டாயமாயின. பக்கத்து இருக்கையில் வைத்த பைக்கு ஒலியெழுப்பும் பழைய குறை இங்கும் தொடர்கிறது. எடையுணரியால் காய்கறிப் பையையும் குழந்தையையும் வேறுபடுத்தி அறிய இயலவில்லை.

இங்கு எதிர்ப்பு நாடாளுமன்றத்துக்குச் செல்லாமல் கடைத்தெருவுக்குச் சென்றது. பட்டையின் உலோக நாக்கைப் போலவே செய்யப்பட்ட சிறு கிளிப்புகள் விற்பனைக்கு வந்தன. அதனைக் கொக்கியில் செருகிவிட்டால் பட்டை அணியப்பட்டதாகக் கருவி எண்ணி அடங்கிவிடும். 1972 ஆம் ஆண்டு முடிச்சின் வேலையையே இது செய்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில், பின் இருக்கையில் பட்டை அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரசு மிசுத்திரி உயிரிழந்தார். அதனையடுத்து இக்கிளிப்புகளின் விற்பனையைத் தடுக்க ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி முனைந்தார். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. விற்பனையாளர் சிலர் இக்கிளிப்பைப் புட்டி திறப்பான் என்றும் சிகரெட்டு கொளுத்தி என்றும் பெயர் மாற்றி விற்று வந்ததாக ஆணையம் குறிப்பிட்டது.